கம்பியில் சாய்ந்த காசு

காசு கீழே போய்ச் சேரவில்லை. அதுதான் இப்போது கார்த்தீஸ்வரியைப் பிடித்து ஆட்டுகிற சங்கதி. சேர்ந்திருந்தால் அவளும் மற்றவர்களோடு தகர அறைக்குள் உட்கார்ந்து, ரொட்டிக்கு நடுவே வெள்ளரிக்காயை அடுக்கி நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பாள். சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. அடியில் போட்டிருக்கும் மெல்லிய கான்கிரீட் தளத்தில் விழுந்திருந்தால் டொக்கென்று கேட்டு அடங்கியிருக்கும். கேட்டதோ ணங்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு சின்ன உரசல், அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் மோசம். விழுகிற பொருள் விழுந்து முடிந்தால் கடைசியாக ஒரு சத்தம் இருக்கும், இல்லையா? இது பாதியிலே நின்றுபோய்விட்டது. குழியின் குறுக்கே போட்டிருந்த பலகையில் குப்புறப் படுத்து, ஹெல்மெட் வழுக்கி வந்து மூக்கில் இடிக்க, மேல்வரிசைக் கம்பிகளின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். இருந்தது. கீழ்வரிசையில் இரண்டு கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சேருகிற இடத்தில், கட்டுக்கம்பி முறுக்கின் மேல் ஒருக்களித்து, கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி சாவகாசமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் ஓட்டை போட்ட பழைய செம்புக்காசு. கையை விட்டுப் பார்த்தாள். தோள் வரைக்கும் நுழைத்தும் காசுக்கும் விரலுக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் மிச்சம். அடி கூறுகெட்டவளே, போட்டதுதான் போட்டாய், கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா என்று தன்னைத் தானே வைதுகொண்டாள். வைது என்ன செய்ய? காசு அசைகிற மாதிரி தெரியவில்லை.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் இது. ஊருக்குக் குறுக்கே ஓர் ஆறு ஓடுகிறது, அதுவும் தண்ணீரோடு ஓடுகிறது, வைப்பாற்றைப் பார்த்தே வளர்ந்த சாத்தூர்க்காரிக்கு முதல் வாரம் முழுக்க இதுவே பெரிய அதிசயம். நடந்துபோகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அந்த ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டுகிறார்கள். இந்தக் கரையில் பாலத்தைத் தாங்கப்போகிற அஸ்திவாரத்துக்கு இன்றைக்குக் கான்கிரீட். கார்த்தீஸ்வரி மூன்றாம் வருஷம் சிவில் முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறாள். வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழகத்தில் பாடம், பாதி நாள் இந்தச் சைட்டில் வேலை. வேலை என்றால் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. லாரியில் கான்கிரீட் வந்ததும் ஒரு கூம்பில் அடைத்து, கூம்பைத் தூக்கிவிட்டு, அடிப்பலகையைத் தட்டித் தட்டி, கலவை எவ்வளவு பரவுகிறது என்று அளக்க வேண்டும். நம் கல்லூரியில் கலவை எவ்வளவு உட்காருகிறது என்றுதான் அளப்பார்கள், இவர்களுக்கு எவ்வளவு பரவுகிறது என்று தெரிந்தால் போதும். ஒரே சாமான், ஒரே கூம்பு, கேட்கிற கேள்வி வேறு. ஏன் இப்படி என்று ஆளாளுக்குக் கேட்டுப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். காலையில் ஒருவர் முழங்காலுக்கு மெத்தை கட்டிக்கொண்டு டார்ச்சோடு வந்து, கம்பி கம்பியாகத் தடவிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் எதையும் தொடக்கூடாது, எதையும் போடவும் கூடாது. அப்புறம் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். மழை வந்தாலும் இடி விழுந்தாலும் அந்த நேரத்தில் இந்த ஊரில் ரொட்டிதான். ஒரு ஈ காக்கை இல்லை. அந்த இடைவெளியில்தான் அவள் பையிலிருந்து காசை எடுத்தாள். எடுத்ததும் போட்டதும் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, அதை நினைத்துக்கொண்டிருப்பதுதான் இப்போது முடிய மாட்டேன் என்கிறது.

ஏன் போட்டாள்? அதை அவளாலேயே கோவையாகச் சொல்ல முடியவில்லை. வந்த நாளிலிருந்து அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்று, இவர்கள் ஒன்றுமே செய்வதில்லை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள், ஒரு மஞ்சத்தண்ணி தெளிக்கவில்லை. கம்பியை இறக்கினார்கள், ஒரு பூ வைக்கவில்லை. இவ்வளவு பெரிய குழியைப் பூமியில் வெட்டிவிட்டு அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கான்கிரீட்டைக் கொட்டிவிடுவார்களா? சாமி நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது, பரீட்சைக்குப் போகும்போதே திருநீறு வைக்க மறக்கிற பிள்ளை அவள். ஆனாலும் ஒரு கட்டடம் தொடங்குகிறபோது யாராவது யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டாமா? அப்புறம் அம்மா. பருப்புப்பொடிப் பொட்டலத்துக்குள் ஒரு மஞ்சள் துணி, துணிக்குள் காசு. மதுரைக்கு பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாக அம்மா சொன்னது, நீ கட்டுற கட்டடத்துல போடு தாயி. இல்லை, அது மட்டும் இல்லை. நடுவில் வேறு என்னமோ சொன்னாள். நீ கட்டுற கட்டடத்துல, அப்புறம் என்னமோ, அப்புறம் போடு. அந்த என்னமோதான் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மஞ்சளா? குங்குமமா? கிழக்கே பார்த்தா? கிழக்கு எது இங்கே? ஆறு வடக்கே போகிறது என்றால் தூரத்தில் தெரிகிற தேவாலயக் கோபுரத்துப் பக்கம் கிழக்கு. சரி, கிழக்கே பார்த்து நின்றுதான் போட்டிருந்தாள், அதற்குக் குறையொன்றும் வைக்கவில்லை.

இப்போது பிரச்சினை சாமி இல்லை, செம்பு. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு தேயும். எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் எலுமிச்சம்பழத்தில் ஒரு ஆணியையும் ஒரு செம்புக்கம்பியையும் குத்தி மின்சாரம் வருகிறது என்று அவளே காட்டியிருக்கிறாள். ஊரெல்லாம் கை தட்டியது. கண்காட்சி முடிந்து ஆணியைப் பிடுங்கியபோது அது கறுத்துச் சொரசொரவென்று இருந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள், வீட்டுக்கு எடுத்துப்போய் வெகுநாள் வைத்திருந்தாள். போன வாரம் இங்கே வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். இடித்த பாலம் ஒன்று, அறுத்த கான்கிரீட், உள்ளே விரல் தடிமன் கம்பி ஓரிடத்தில் மட்டும் தீக்குச்சி தடிமனுக்குக் கரைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு செம்பு ஒயர் தொட்டுக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு வாயைப் பிளந்து பார்த்துக் குறிப்பெடுத்தவள் இன்றைக்குத் தன் கையாலேயே... சரி, பதறாமல் யோசிப்போம். புத்தகம் என்ன சொல்கிறது? செம்பு பெரிசாகவும் இரும்பு சின்னதாகவும் இருந்தால் ஆபத்து. இங்கே செம்பு ஒரு பொட்டு அகலம், இரும்பு ஒரு லாரி பாரம். அப்படியென்றால் கேடு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கான்கிரீட்டின் காரமும் கம்பியைக் காப்பாற்றும். ஆனால் குளிர்காலத்தில் இந்த ஊர்ப் பாதைகளில் உப்பைக் கொட்டுகிறார்களாம், பனி உருகுவதற்கு. உப்புத்தண்ணீர் மேலிருந்து இறங்கினால்? அவ்வளவு ஆழத்துக்கு இறங்குமா? விரிசல் இருந்தால் இறங்கும். விரிசல் வருமா? யாருக்குத் தெரியும்! மறுபடியும் முதலிலிருந்து யோசித்தாள், மறுபடியும் ஒன்றுமில்லை என்றே வந்தது. அதில் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரே விடை வந்தால் விடை சரி என்று அர்த்தமா, இல்லை அந்த விடைதான் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள் அடம்பிடிக்கிறாள் என்று அர்த்தமா? கல்லூரியில் இதற்கெல்லாம் பாடம் இல்லை.

எப்படியும் சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. கையெழுத்துப் போட்டவர் போய்விட்டார். கான்கிரீட் விழுந்தால் காசு மறையும், காசு மறைந்தால் கதை முடிந்தது. அவள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இந்தப் பாலத்தை எவனாவது இடிப்பான். இடிக்கும்போது உள்ளேயிருந்து ஓட்டைக்காசு ஒன்று விழும். என்ன நினைப்பான் அவன்? இந்தியாவிலிருந்து ராஜா படை எடுத்து வந்தார் என்று ஆராய்ச்சி எழுதுவானோ? கோட்டு போட்டவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் படுத்தபடியே தனியாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சொன்னால் என்ன ஆகும்? அனுப்பிவிடுவார்கள். வேறென்ன. சைட்டில் சரிபார்த்த கம்பிக்குள் ஒரு பொருளைப் போட்ட பெண்ணை யார் வைத்துக்கொள்வார்கள்? பையைக் கட்டு, விமானத்தில் ஏறு. சாத்தூர் முக்கில் இவள் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், வெளிநாடு செல்லும் எங்கள் குலவிளக்கே என்று. அதில் இவள் முகத்தைவிடச் சித்தப்பா முகம் பெரிசு. பேனர் இறங்குவதற்குள் குலவிளக்கு திரும்பி வந்து நின்றால் சித்தப்பா மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பார்? அவர் மூஞ்சி எங்கே போனாலும் போகட்டும், அம்மா சத்துணவுக்கூடத்தில் டீச்சர்களிடம் என்ன சொல்வாள்?  

அம்மா பெயர் பாக்கியத்தாய். பெயரில் மட்டும்தான் பாக்கியம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது கார்த்தீஸ்வரி நாலாம் வகுப்பு. அதற்கப்புறம் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்து, ஒரு பயலிடம் கைநீட்டாமல், ஊர் எல்லையில் ரெண்டு ரூம் வைத்து ஒரு வீடு கட்டினாள். மனை அவள் பெயரில், செங்கல் அவள் காசில், கொத்தனாருக்கு மோர் அவள் கையில். ஆனால் அஸ்திவாரம் போடுகிற கடைக்கால் பூசை அன்றைக்கு நவதானியம் போட்டதும் மஞ்சத்தண்ணி ஊற்றியதும் காசு போட்டதும் சித்தி. புருஷன் இல்லாதவள் கை படக்கூடாதாம். சித்தப்பாதான் சொன்னார், அதையும் மெதுவாக, மரியாதையாக, மைனி நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க என்றார். அம்மா அங்கிட்டுப் போய் மணல் குவியல் ஓரத்தில் நின்றாள். மூடிய கைக்குள் இந்தக் காசு இருந்தது, அப்பா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த காசு. கார்த்தீஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தாள். எல்லாரும் சாப்பிடப் போனதும் நீ போட்டுரும்மா, யாருக்குத் தெரியும். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் குத்துகிறது. திருட்டுத்தனமாப் போடச் சொல்றியா? என் வீடுடி அது. அவ்வளவுதான் சொன்னாள். காசு மறுபடி மஞ்சள் துணிக்குள் போய்விட்டது. அதே வீட்டுக்கு மேலே கான்கிரீட் கொட்டி ஒட்டுப் போட்ட அன்றைக்கும் கூத்து நடந்தது. கம்பியைப் பலகை மேல் அப்படியே படுக்கப் போட்டிருந்தார்கள், அடியில் முட்டுக் கொடுக்க ஒரு கல் இல்லை. அம்மாவுக்கு இன்ஜினியரிங் தெரியாது, ஆனால் பக்கத்துத் தெரு வீட்டில் அடியில் கல் வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்தியதை அவள் பார்த்திருந்தாள், இங்கே இல்லை, ஏன் இல்லை என்று கேட்டாள். நிறுத்துங்கய்யா, கம்பி தரையத் தொடுது, நிறுத்துங்க. ஒருத்தனும் நிறுத்தவில்லை. அக்கா, வெயில்ல நிக்காதீக, உள்ள போங்க என்றான் கொத்தனார். நாலே மழைக்காலத்தில், ஒட்டோடு சேர்த்து ஜன்னலுக்கு மேலே போட்டிருந்த சன்ஷேடு பொரிந்து விழுந்தது, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தது. துரு ஏன் உப்புகிறது, உப்பினால் ஏன் கான்கிரீட் விழுகிறது என்று அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துத்தான் கார்த்தீஸ்வரி சிவில் எடுத்தாள்.

நாலு பேரு பாக்க. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் அந்த என்னமோ! நீ கட்டுற கட்டடத்துல, நாலு பேரு பாக்க, போடு தாயி. பஸ் ஜன்னல், அம்மாவின் கை, கண்டக்டர் விசில், எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. நாலு பேர் பார்க்க! இவள் என்ன செய்தாள்? நாலு பேரும் ரொட்டி தின்னப் போகும் வரைக்கும் பூனை மாதிரி காத்திருந்து போட்டாள். அம்மா தன் சொந்த வீட்டிலேயே செய்ய மாட்டேன் என்று சொன்ன காரியத்தை, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு, ஊரான் பாலத்தில் செய்திருக்கிறாள். இப்படியும் ஒரு மகள் உண்டா! செம்பு இரும்பைத் தின்னுமா தின்னாதா என்கிற கேள்வியெல்லாம் எங்கோ ஓடிப்போய்விட்டது. இல்லை, ஓடவும் இல்லை, அதுவும் கூடவே நின்றது. கம்பியைக் கெடுக்கிற காசு, அதுவும் களவாகப் போட்ட காசு. இதற்கு அம்மா பேரையா வைப்பது? அப்போது பின்னால் பீப் பீப் என்று சத்தம் கேட்டது. கான்கிரீட் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, வயிறு சுற்றச் சுற்ற. தகர அறைக் கதவு திறந்தது, எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவள் எழுந்து முழங்காலைத் தட்டினாள். 

கான்கிரீட் இறங்குவதற்கு முன் யூட்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யூட்டாதான் இந்தச் சைட்டின் இன்ஜினியர், ஐம்பது வயதிருக்கும், கிராப்புத் தலை, வெயிலில் சிவந்த மூக்கு. குழியைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதாவது உண்டா என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டாள். முதல் தடவை பார்த்தபோது கார்த்தீஸ்வரிக்குப் பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு யூட்டா மேஸ்திரி ஹென்னிங்கிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை என்றான் ஹென்னிங். கான்கிரீட்டைக் குழாய் வழியே குழிக்குள் தள்ளுகிற பம்புக்காரன், ஒன்றுமில்லை. அவன் கை ஏற்கெனவே பொத்தானுக்குப் போய்விட்டது, கடைசியாகக் கேட்கப்படுகிறவள் கோடைக்கு வந்த மாணவி, அவள் என்ன சொல்லிவிடப்போகிறாள் என்கிற மாதிரி. குழாய் ஒரு தடவை உதறியது.

"கார்த்தி?"

"நிறுத்துங்க!"

தமிழில்தான் வந்தது. கை வேறு தலைக்கு மேலே போயிருந்தது. யூட்டாவுக்குத் தமிழ் தெரியாது, பம்புக்காரனுக்கும் தெரியாது. ஆனால் அவன் கை பொத்தானிலிருந்து எடுபட்டது, குழாய் தொய்ந்து அடங்கியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் இங்கிலீஷைத் தேடித் தேடி எடுத்தாள். நான் ஒரு காசு போட்டேன். செம்புக்காசு. கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"எப்போது?" என்றாள் யூட்டா.

"நீங்கள் சாப்பிடும்போது."

"அதாவது, சரிபார்த்து முடித்த பிறகு."

"ஆமாம்."

ஹென்னிங் ஜெர்மனில் நீளமாக ஒன்று சொன்னான். அதற்கு அர்த்தம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. லாரி டிரைவர் இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், பின்னால் கலவை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. யூட்டா திட்டுவாள் என்று கார்த்தீஸ்வரி கண்ணை மூடத் தயாராக இருந்தாள். யூட்டா திட்டவில்லை, எங்கே என்று மட்டும் கேட்டாள். கார்த்தீஸ்வரி காட்டினாள். ஹென்னிங் கட்டுக்கம்பி ஒன்றை வெட்டி, நுனியை வளைத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே நீட்டினான். மறுபடி அதே பலகை, மறுபடி அதே குப்புறப் படுக்கை, இந்தத் தடவை சுற்றி நின்று எல்லோரும் பார்க்கிறார்கள், யூட்டா பக்கத்தில் படுத்து டார்ச் அடிக்கிறாள். கொக்கி காசைத் தொட்டது, காசு நகர்ந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கம்பிக்கு அடியில் போய்விடும், அப்புறம் கம்பியை அறுத்தால்தான் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அப்பா சாமி, ஒருக்கா வந்துருப்பா என்று கெஞ்சினாள், சாமியைக் கெஞ்சினாளா அப்பாவைக் கெஞ்சினாளா என்று அவளுக்கே தெரியாது. கொக்கி ஓட்டைக்குள் நுழைந்தது. மெல்ல மெல்லத் தூக்கினாள். காசு கம்பிகளுக்கு நடுவே ஆடி ஆடி மேலே வந்து, அவள் உள்ளங்கையில் விழுந்தது. சில்லென்றிருந்தது.

யூட்டா காசை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினாள், ஓட்டை வழியாக ஆற்றைப் பார்த்தாள். எதற்காக என்று கேட்டாள். கார்த்தீஸ்வரி சொன்னாள், எங்கள் ஊரில் அஸ்திவாரத்தில் இப்படிப் போடுவார்கள், இது என் அம்மாவுடையது, அவளைப் போட விடவில்லை. யூட்டா எழுந்து மண்ணைத் தட்டினாள். "நாங்களும் வைப்போம்" என்றாள். கார்த்தீஸ்வரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. செம்புக் குழாயில் அன்றைய செய்தித்தாளும் காசுகளும் போட்டு மூடி, அஸ்திவாரத்தில் வைப்பார்களாம். அக்கரையில் அடுத்த வாரம் வைக்கிறார்கள். கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து, வரைபடத்திலேயே குறித்திருக்கிறது. அட, இவர்களுமா! அப்படியானால் அந்தச் செய்தித்தாளை யார் படிப்பதற்காக வைக்கிறார்கள், காசு யாருக்கு, பூமிக்கா பின்னால் வருகிறவர்களுக்கா? கேட்க ஆயிரம் இருந்தது. உன் காசையும் அந்தக் குழாயில் சேர்க்கச் சொல்லட்டுமா என்று யூட்டா கேட்டாள்.

"யார் வைப்பார்கள்?"

"மேயர்."

கார்த்தீஸ்வரி காசை வாங்கிக்கொண்டாள். இங்கேயும் வேறொருவர் கையா, வேண்டாம் என்றாள்.  யூட்டா தோளைக் குலுக்கிவிட்டு, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னாள்: "கான்கிரீட் விழுந்த பிறகு சொல்லியிருந்தால் இன்றைக்கே உன்னை அனுப்பியிருப்பேன். முன்னால் சொன்னாய். இனி எது போடுவதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுப் போடு. போ, கூம்பை எடு, லாரி காத்திருக்கிறது." அவள் கூம்பை எடுத்தாள். கலவை பலகையில் வட்டமாகப் பரவியது, அளந்தாள், சரியாக இருந்தது. அப்புறம் பம்பு உறுமியது, கம்பிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறக் கூழுக்குள் மூழ்கின. காசு சாய்ந்திருந்த இடமும் மூழ்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், வருத்தமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல்.

லாரி போனதும் ஆற்றோரம் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், போனுக்குள் தட்டுச் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் அள்ளிக்கொண்டு போயின. ஒருத்தனுக்கு முட்டை வேண்டுமாம், இன்னொருத்தன் அழுகிறான். கார்த்தீஸ்வரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். போட்டது, களவாகப் போட்டது, கம்பியில் நின்றது, எடுத்தது. எடுத்துட்டேம்மா, மன்னிச்சுக்கோம்மா, கம்பிய அரிச்சிரும், அதான்.

"அரிக்கும்னா எடுக்கத்தான வேணும்" என்றாள் அம்மா. "இதுக்கு எதுக்கு அழுற? ஏலேய், வரிசையில வா, உனக்குத்தான் முதல்ல வச்சேன்ல." அப்புறம் மகளிடம், "கான்கிரீட்டு வரமுந்தியே எடுத்துட்டியா?"

"லாரி வந்துருச்சும்மா. போடப்போற நேரம். நிறுத்துங்கன்னு கத்திட்டேன்."

"நிறுத்துனாகளா?"

"நிறுத்துனாங்க."

"யாரு சொன்னதுக்கு?"

"நான் சொன்னதுக்குத்தாம்மா."

அங்கே கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.   

"ஏய், செத்த நேரம் சும்மா இருங்கடா எல்லாரும்" என்று அம்மா அங்கே அதட்டுவது கேட்டது. கூடம் அடங்கியது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.